நிருபத்தை விரித்து வைத்தல்: எண்ணங்களை மெய்யில் நிறுத்துவதற்கு ஒரு பயிற்சி

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை என்றும், எதற்கும் ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்துவிடலாம் என்றும் சொன்னார். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்ட நான், கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் இடம் கிடைக்கும், பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகளுக்கு யார் சமைத்துப் போடுவார்கள், அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டைப் பாடச் சொல்வது என்பது வரைக்கும் யோசித்து முடித்திருந்தேன். நான் புரண்டு புரண்டு படுத்ததில் அவளும் விழித்துக்கொண்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன். இருட்டில் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே என்னை எதுக்குங்க அடக்கம் பண்றீங்க?" என்று கேட்டாள்.

அந்த இரண்டு நாளும் நான் ஜெபிக்காமல் இருக்கவில்லை. முழங்காலில் நின்று, கண்ணீரோடு, வழக்கத்தைவிட அதிகமாகவே ஜெபித்தேன். ஆனால் நான் ஜெபித்ததெல்லாம் நடக்காத ஒரு சாவைப் பற்றியும், என் மனமே கட்டிமுடித்த ஒரு வீட்டின் வெறுமையைப் பற்றியும்தான் என்பது அவள் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. உண்மையில் இருந்தது ஒரு கட்டியும், நான்கு நாள் காத்திருப்பும், பக்கத்தில் படுத்திருந்த ஒரு மனுஷியின் பயமும் மாத்திரமே. அந்த மூன்றைப் பற்றியும் நான் தேவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, அவளிடமும் பேசியிருக்கவில்லை.

எண்ணங்களை அடக்குவது என்றால் கெட்ட எண்ணங்களை விரட்டிவிட்டு நல்ல எண்ணங்களை வரவழைப்பது என்றே நாம் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். வேதம் காட்டும் பயிற்சி அதைவிடக் கடினமானது, அதைவிட ஆறுதலானதும்கூட. உள்ளதை உள்ளபடி பார்ப்பதும், பார்த்ததைத் தேவனுடைய முன்னிலையில் சொல்வதும், அதற்குமேல் மனம் தன்பாட்டுக்குச் சேர்ப்பதைச் சேர்க்கை என்று அடையாளம் கண்டுகொள்வதும் அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம். தேவன் நம்மைச் சந்திப்பது நடந்துகொண்டிருக்கிற காரியத்துக்குள்தான். நாம் கற்பனை செய்த நாளைக்குள் அவருடைய கிருபையைத் தேடினால் அது கிடைக்காது, ஏனென்றால் அந்த நாள் இன்னும் இல்லை. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னபோது பாடு இல்லை என்று சொல்லவில்லை. இன்றைய பாட்டுக்கு ஓர் அளவு உண்டு என்று சொன்னார்.

எசேக்கியா என்ன செய்தான்

இந்தப் பயிற்சியை ஒரே காட்சியில் கற்றுக்கொள்ள வேண்டுமானால் இரண்டாம் ராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். கி.மு. 701இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்து வந்தான். அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு, எருசலேமில் இருந்த எசேக்கியா ராஜாவுக்கு ஒரு நிருபம் அனுப்பினான். மற்ற ஜாதிகளின் தேவர்கள் அவர்களை என் கைக்குத் தப்புவிக்கவில்லை, உன் தேவனும் உன்னைத் தப்புவிக்கமாட்டார் என்பதே அதன் சாரம். எசேக்கியா அதை வாங்கி வாசித்தான். கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான்.

அவன் செய்த ஜெபத்தில் ஒரு சொல் இருக்கிறது. அசீரியா ராஜாக்கள் அந்த ஜாதிகளை நாசமாக்கியதும், அவர்களுடைய தேவர்களை நெருப்பிலே போட்டதும் "மெய்தான்" என்கிறான். எதிரி எழுதிய கடிதத்தில் இருந்த உண்மையை எதிரி எழுதினான் என்பதற்காக அவன் மறுக்கவில்லை. அது உண்மைதான் என்பதற்கு வேதத்துக்கு வெளியிலும் சாட்சி இருக்கிறது. சனகெரிப் தன் வெற்றிகளைப் பொறித்துவைத்த ஆறுமுகக் களிமண் பட்டயம் ஒன்று இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப்போல அடைத்துவைத்ததாகவும் அதில் அவன் பெருமை பேசுகிறான். கூண்டுக்குள் இருந்தவன் தன்னைச் சுற்றிக் கூண்டு இல்லை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த "மெய்தான்" என்ற சொல்லுக்கு அடுத்தபடியே அவன் பிரித்து வைக்கிறான். நெருப்பில் போடப்பட்டவை தேவர்கள் அல்லவே, மனுஷர் கைவேலையான மரமும் கல்லும்தானே என்கிறான். பட்டணங்கள் விழுந்தது நடந்தது. ஆகவே உன் தேவனும் கைவிடுவார் என்பது சனகெரிப் அதிலிருந்து தானாக எடுத்த முடிவு. நடந்ததை ஒப்புக்கொண்டு, முடிவை மாத்திரம் எசேக்கியா மறுத்தான். நம்முடைய கவலைகளும் இந்த நிருபத்தின் அச்சில்தான் வருகின்றன: முதல் பாதியில் மறுக்கமுடியாத உண்மைகள், பின்பாதியில் அவற்றின் முதுகில் ஏறிவந்த ஒரு முடிவு. முதல் பாதி உண்மையாக இருப்பதால் இரண்டாம் பாதியையும் நாம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம். அல்லது இரண்டாம் பாதிக்குப் பயந்து முதல் பாதியையும் சேர்த்தே மறுக்கிறோம்.

நோட்டுப் புத்தகம்

செய்முறைக்கு வருகிறேன். ஒரு சாதாரண 40 பக்க நோட்டும் பேனாவும் போதும். கைபேசியில் எழுத வேண்டாம். எழுதப்போன இடத்தில் வேறு பத்துச் செய்திகள் காத்திருக்கும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்புறம் "நடந்தது" என்றும் வலப்புறம் "நான் சேர்த்தது" என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மனம் கலங்கிய எந்த நாளிலும், கலக்கத்தின் நடுவிலேயே, பத்து நிமிடம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் நிரப்புங்கள்.

இடப்புறத்தில் எழுதுவதற்கு ஒரே விதிதான்: கண்ணால் கண்டது, காதால் கேட்டது, கையில் இருக்கிற தாளில் எழுதியிருப்பது, இவை மட்டுமே அங்கே வரலாம். "மேலாளர் இன்று எனக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை" என்பது இடப்புறம். "என்னை வேலையைவிட்டு எடுக்கப்போகிறார்" என்பது வலப்புறம். "மகன் மூன்று முறை அழைத்தும் போனை எடுக்கவில்லை" இடப்புறம், "விபத்து" வலப்புறம், "என்னை அவன் மதிப்பதில்லை" என்பதும் வலப்புறம்தான். முதல் சில நாட்களில் கை தானாகவே தவறான பக்கத்துக்குப் போகும். "அவள் என்னைக் குத்திப் பேசினாள்" என்று நான் ஒருநாள் இடப்புறத்தில் எழுதிவிட்டேன். பிறகு, அவள் சொன்ன சொற்களை அப்படியே எழுதிப் பார்த்தேன்: "நீங்க போன தடவையும் இப்படித்தான் மறந்தீங்க." குத்தல் அதில் இருந்ததா, என் காதில் இருந்ததா என்று அப்போது சொல்ல முடியவில்லை. அடித்துவிட்டு, சொற்களை இடப்புறத்திலும் குத்தலை வலப்புறத்திலும் எழுதினேன்.

அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று நாம் எழுதுவதெல்லாம் ஏறக்குறைய எப்போதும் வலப்புறத்துக்கே உரியது. எண்ணாகமம் 13இல் கானானை வேவுபார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப்பேர் திரும்பிவந்து சொன்னதைக் கவனியுங்கள். பட்டணங்கள் அரணானவை என்றார்கள், உண்மை. ஜனங்கள் நெடிய உருவம் உள்ளவர்கள் என்றார்கள், அதுவும் பார்த்ததுதான். பிறகு, நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்றார்கள்; அது அவர்களுடைய உணர்வு, அதையும் மறுக்க வேண்டியதில்லை. கடைசியில், "அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம்" என்றார்கள். இதை யாரிடம் கேட்டு அறிந்தார்கள்? ஒரு சபை முழுவதும் அந்த இரவெல்லாம் அழுதது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, கானானின் எரிகோவில் ராகாப் என்ற பெண் இரண்டு வேவுகாரரிடம் உள்ளதைச் சொல்கிறாள்: கர்த்தர் சிவந்த சமுத்திரத்தை வற்றப்பண்ணினதைக் கேள்விப்பட்டபோதே எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று. சமுத்திரம் பிளந்தது அந்தப் பத்துப்பேர் வேவுபார்க்கப் போனதற்கும் முந்தின காரியம். அவர்கள் யாரைப் பார்த்து நடுங்கினார்களோ அவர்களே இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். யோசுவா 2ஆம் அதிகாரத்தை எண்ணாகமம் 13க்குப் பக்கத்திலேயே வைத்து வாசிக்கும்படி நான் வேதபாட வகுப்பில் எப்போதும் சொல்வேன்.

இரண்டு பக்கமும் நிரம்பிய பிறகு, நோட்டைத் திறந்தபடியே முன்னால் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். எசேக்கியா விரித்துவைத்தான் என்பதை நான் எழுத்தின்படியே எடுத்துக்கொள்கிறேன். பரிசோதனைச் சீட்டோ, வங்கிக் கடிதமோ, வக்கீல் நோட்டீஸோ இருந்தால் அதையும் விரித்து வையுங்கள். இடப்புறத்தின் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, "மெய்தான் கர்த்தாவே" என்று சொல்லுங்கள். இந்தச் சொல்லை அவசரப்பட்டுத் தாண்டிப்போக வேண்டாம். "கடன் மூன்று லட்சம் இருக்கிறது, மெய்தான் கர்த்தாவே" என்று சொல்லும்போது தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்களாகவே இருப்பது, இப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்பதற்காகத்தான். பிறகு வலப்புறத்துக்கு வந்து, "இது நான் சேர்த்தது, இது நடக்குமோ நடக்காதோ எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிடுங்கள். வலப்புறத்தின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக மன்றாடினால், சேர்த்ததையெல்லாம் ஜெபத்தின் பெயரால் மறுபடியும் ஒத்திகை பார்த்ததாகிவிடும். நான் அந்த இரண்டு நாளும் செய்த தவறு அதுவே.

எழுந்திருக்குமுன், இடப்புறத்தில் இருப்பவற்றில் இன்றைக்கு என் கை செய்யக்கூடிய ஒரு வேலை எது என்று கேட்டு, அதற்குக் கீழே கோடு போடுங்கள். ஒன்றே ஒன்று போதும். எனக்கு அந்த வாரத்தில் அது, மறுநாள் காலையில் மனைவிக்கு நான் காப்பி போட்டுக் கொடுத்து, அவளுடைய பயத்தை அவள் வாயால் சொல்லக் கேட்பதாக இருந்தது.

எண்ணுவதும் எண்ணுவதும்

தமிழில் எண்ணுதல் என்பதற்கு நினைத்தல் என்றும் பொருள், கணக்கிடுதல் என்றும் பொருள். பிலிப்பியர் 4:8இல் உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, நீதியுள்ளவை என்று வரிசையாகச் சொல்லி, அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள் என்று பவுல் எழுதும் இடத்தில், கிரேக்க மூலத்தில் அவர் எடுத்துக்கொண்ட வினைச்சொல்லும் கணக்குப் பார்ப்பவர்களின் சொல்தான். ஆபிரகாமுக்கு அவனுடைய விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்று ரோமர் 4இல் சொல்லும்போதும் அதே வினை வருகிறது. ஆகவே அந்த வசனத்தை, இனிமையானவற்றை நினைத்து மனதை லேசாக்கிக்கொள்ளுங்கள் என்று வாசிப்பது போதாது. உள்ளவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள் என்ற கண்டிப்பு அதில் இருக்கிறது. வரிசையில் முதலில் நிற்பதும் "உண்மையுள்ளவை" என்பதே.

பயம் எண்ணத் தெரியாத ஒன்று. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாக விரும்பினான். பிறகு ஓரேபில் தேவனிடம், நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று இருமுறை சொன்னான். அவனுக்கு வந்த பதிலில் ஒரு எண் இருந்தது: பாகால் என்ற அந்நிய தேவனுக்கு முழங்கால் முடக்காதிருக்கிற 7,000 பேர். ஒன்று என்று அவன் போட்ட கணக்கை ஏழாயிரம் என்று தேவன் திருத்தினார். அந்தத் திருத்தத்துக்கு முன்னால் தேவன் செய்தவை என்னவென்றும் பாருங்கள். அவனைத் தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகே வந்தது. ஆகையால், தூக்கமில்லாமலும் பட்டினியாகவும் இருக்கும்போது இந்த நோட்டை எடுக்க வேண்டாம். முதலில் சாப்பிடுங்கள்.

அதே காரணத்தால், இரவு பத்து மணிக்குமேல் வரும் எந்த முடிவையும் செயல்படுத்தாதீர்கள். ராஜினாமாக் கடிதம், உறவை முறிக்கும் செய்தி, நிலத்தை விற்றுவிடலாம் என்ற தீர்மானம் எல்லாவற்றையும் காலைக்குத் தள்ளிவையுங்கள். 1521இல் பம்பலோனா முற்றுகையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவியவர்), தம் மனதில் ஓடிய பகற்கனவுகளையே கவனித்துப் பார்த்தார். சில எண்ணங்கள் இருக்கும்போது இனித்து, போனபின் வறட்சியை விட்டுச்செல்வதையும், வேறு சில போனபின்னும் அமைதியைத் தருவதையும் கண்டார். அந்தக் கவனிப்பிலிருந்து பிற்காலத்தில் அவர் வகுத்த நெறிகளில் ஒன்று, மனம் இருண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பது. நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன். ஆனாலும் இந்த ஒரு நெறிக்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

திரிகைக்குப் போடும் தானியம்

வெறும் மனதை நிறுத்திவைக்க முடியாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்து வனாந்தரத்துத் துறவிகளிடம் கற்றுவந்த ஜான் காசியன், மோசே என்ற மூப்பர் சொன்னதாக ஓர் உவமையைப் பதிவு செய்கிறார். தண்ணீரின் வேகத்தில் சுழலும் ஆலைக்கல்லை, தண்ணீர் ஓடும்வரை நிறுத்த முடியாது. ஆனால் அதில் கோதுமையைப் போடுவதா, வாற்கோதுமையைப் போடுவதா, களைவிதையைப் போடுவதா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கிறது. எண்ணமே வராமல் இருக்க வேண்டும் என்று போராடிச் சோர்ந்துபோகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆலோசனை எனக்குத் தெரியாது. கல் சுழலட்டும், தானியத்தைக் கவனியுங்கள்.

அதே வனாந்தரத்தில் 399இல் இறந்த எவாகிரியுஸ், இன்னின்ன எண்ணம் வந்தால் இன்னின்ன வசனத்தால் பதில் சொல் என்று ஏறத்தாழ 500 பதில்களைத் தொகுத்துவைத்தார். உங்களுக்கு ஐந்நூறு வேண்டாம். உங்கள் நோட்டின் வலப்புறத்தை ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், மூன்று அல்லது நான்கு எண்ணங்களே உடை மாற்றி மாற்றி வந்துகொண்டிருப்பது தெரியும். "நான் தனியாகிவிடுவேன்", "பணம் தீர்ந்துவிடும்", "என்னை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்பதுபோல. அந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனத்தை நீங்களே தேடி எடுத்து, மனப்பாடமாக்கி, எண்ணம் வரும் வேளையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் சங்கீதத்தில் "தியானம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல், புறா முனகுவதற்கும் சிங்கம் இரையின்மேல் உறுமுவதற்கும் வேதத்தில் பயன்படும் சொல். அந்தத் தியானத்துக்குச் சத்தம் உண்டு. எங்கள் பாட்டி விடியற்காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டே சங்கீதத்தை முணுமுணுத்தது அந்த எபிரெயச் சொல்லுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி எடுத்தால், அதுவே மெய்யிலிருந்து நம்மை விலக்கும் கருவியாகிவிடும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வாக்கு. ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் நின்று சொன்னான். ஜனங்களுக்கு அவனுடைய செய்திதான் இனித்திருக்கும். எரேமியாவின் வாக்கைப் பிடித்துக்கொண்டு அனனியாவின் காலக்கெடுவை எதிர்பார்ப்பதுதான் நம்மில் பலர் செய்வது. ஆகவே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும், முடிந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களையும் வாசித்த பிறகே மனப்பாடம் செய்யுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான், காய்ச்சல் இருக்கிறது என்று சொன்னாலே அவிசுவாசம் என்ற போதனையும். சுகமாகிவிட்டேன் என்று அறிக்கை செய்துகொண்டே மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீடுகளில் பிறகு நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தப் போதனைக்கு ரோமர் 4:19ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள்: ஆபிரகாம் தன் சரீரம் செத்துப்போனதை "எண்ணாதிருந்தான்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஆனால் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த மறுப்புச் சொல் கிடையாது. அவன் தன் சரீரத்தை நன்றாகக் கவனித்துப் பார்த்தான், பார்த்தும் விசுவாசத்தில் பலவீனமாகவில்லை என்பதே அங்கே வரும் பொருள். பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் அப்படியே எழுதுகின்றன. ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று எழுதிய பவுலும், அதே நிருபத்தில், தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாகும்படி வியாதிப்பட்டதையும், அவன் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

கைபேசியில் வரும் கடைசிக்கால எச்சரிக்கைகளையும் தீர்க்கதரிசனக் காணொளிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது கட்டளை. சோதித்துப்பார்க்க நேரமில்லையென்றால் பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

இன்னொருவருடைய கண்

நோட்டை மாதத்துக்கு ஒருமுறையாவது வேறொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நீங்கள் சொல்வதற்குமேல் இரண்டு பங்கு பயப்படுகிறவரும் வேண்டாம், "எல்லாம் சரியாகிவிடும், விசுவாசியுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறவரும் வேண்டாம். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அன்போடு கேட்கக்கூடிய ஒருவர் வேண்டும், போதகராக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராக இருக்கலாம். எனக்கு அந்த இரவில் அது என் மனைவியாக இருந்தது.

மற்றொரு கண்ணும் சில சமயங்களில் தேவைப்படும். இந்தப் பயிற்சியெல்லாம் சாதாரணமாக அலைபாயும் மனதுக்கு உரியது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பற்றில்லாமல் போயிருந்தால், பிறர் கேட்காத குரல்கள் கேட்டால், எல்லாரும் சேர்ந்து தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற உறுதி ஏற்பட்டால், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது. அது இடப்புறத்தில் இருப்பதை மெய்தான் என்று ஒப்புக்கொள்வது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் மனநல மையத்தைப் பாகாயத்தில் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எந்நேரமும் இலவசமாகத் தமிழிலும் கிடைக்கும்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு வகை உண்டு. தேவதூஷணமான வார்த்தைகளோ, அருவருப்பான காட்சிகளோ, அதுவும் ஜெபவேளையிலும் திருவிருந்து நேரத்திலும், விரும்பாமலே திரும்பத் திரும்ப மனதில் பாய்வது சிலருக்கு உண்டு. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் தவிப்பார்கள். மோட்சப் பயணத்தை எழுதிய ஜான் பனியன், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் தம்மைச் சாப்பாட்டு மேசையில்கூட விடாமல் துரத்தியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட எண்ணங்களுக்கு வசனத்தால் பதில் சொல்லும் முறை உதவாது. பதில் சொல்லச் சொல்ல அவை பெருகும்; நூறு முறை மன்னிப்புக் கேட்டாலும் நூற்றொன்றாவது முறை கேட்கத் தோன்றும். விரும்பாமல் வந்த எண்ணம் உங்களுடைய சம்மதம் ஆகாது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. நன்றாகவே பலன் தருகிற சிகிச்சை. நோட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நான்காம் நாள் மாலை என் மனைவியின் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி ஆபத்தில்லாதது என்று இருந்தது. ஆனால் அதை வைத்து இந்தப் பயிற்சி பலித்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மூன்று ஆண்டு கழித்து என் அண்ணனுக்கு வந்த தாளில் வேறு விதமாக எழுதியிருந்தது. அன்று இரவு அவன் வீட்டு வராந்தாவில் அதை விரித்து வைத்து, அண்ணியும் அவனும் நானும் சுற்றி உட்கார்ந்து, அதிலிருந்த ஒவ்வொரு வரியையும் வாசித்து மெய்தான் என்றோம். அந்தத் தேதியிட்ட பக்கத்தில் இடப்புறம் ஆறு வரிகள் இருக்கின்றன. ஆறாவது, காலை ஏழரை மணிப் பேருந்துக்கு நான் துணைக்குப் போவது. வலப்புறத்தில் எதையும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.